மாதவிலக்கு நிற்கும் வயதில் சிறுநீர்த் தொல்லைகள்: பெண்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மகளிர் குழுக் கூட்டம் கலைந்த பிறகு, செருப்பைத் தேடுகிற சாக்கில் ஒருவர் பின்தங்குவார். அப்போதுதான் இந்தக் கேள்விகள் வரும். கல்யாணப் பந்தியிலும் வந்திருக்கின்றன, மன்னார்குடி பஸ்ஸிலும் வந்திருக்கின்றன. கேட்கிற ஆள்தான் மாறுவார், சந்தேகம் அதேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். மருந்துப் பெயர்கள் சில இடங்களில் வரும். அளவு வராது, அது உங்களைப் பரிசோதித்த டாக்டர் எழுத வேண்டியது.

"தீட்டு நின்னதுக்கும் ஒண்ணுக்குப் போறதுக்கும் என்ன சம்பந்தம்?"

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்குக் கர்ப்பப்பையில் மட்டும் வேலை இல்லை. சிறுநீர்க் குழாயின் உள்தோல், பிறப்புறுப்பின் தோல், நீர்ப்பையின் கழுத்து, இவற்றைத் தாங்கும் தசை என்று எல்லாவற்றுக்கும் அது வேண்டும். 45 வயதை ஒட்டி அந்த ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்கும். தொடர்ந்து 12 மாதம் தீட்டு வராவிட்டால் மாதவிலக்கு நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு அந்த இடத்துத் தோல் மெலிந்து உலர்கிறது. பிறப்புறுப்பில் இயல்பாக வாழ்ந்து, அங்கே புளிப்புத் தன்மையைக் காப்பாற்றி வந்த லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல கிருமிகள் குறைகின்றன. ஆசனவாய்ப் பக்கமிருந்து வரும் ஈ.கோலை கிருமிக்கு அது வசதியாகிவிடுகிறது.

பிரசவத்தில் தளர்ந்த தசை 30 வயதில் எப்படியோ சமாளித்திருக்கும், 48-ல் அது தெரியவரும். இன்னொன்று: திடீரென உடம்பு கொதித்து வியர்ப்பது பெரும்பாலானவர்களுக்குச் சில வருடங்களில் அடங்கிவிடும். இந்த உலர்வு தானாக அடங்குவதில்லை.

"எல்லாம் சூடுதானே? இளநீர் குடிச்சா சரியாப் போயிடும்தானே?"

தண்ணீர் போதாமல் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும்போது கொஞ்சம் எரியும். சித்திரை வெயிலில் யாருக்கும் வரக்கூடியதுதான். இளநீரோ நீர்மோரோ வெறும் தண்ணீரோ குடித்தால் ஒரே நாளில் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் அது வேறு.

நீர்த் தொல்லை எதுவானாலும் சூடு என்று சொல்லி ஒரே மாத்திரையை விழுங்குகிறோமே, என் சண்டை அதோடுதான். இருமும்போது சொட்டுவது ஒரு வகை. திடீரென முட்டிக்கொண்டு வந்து, போவதற்குள் நனைந்துவிடுவது இன்னொரு வகை. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். எரிச்சலோடு கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போவது பெரும்பாலும் கிருமித் தொற்று. போய் முடித்தும் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றினால் நீர்ப்பை முழுக்கக் காலியாகவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். முதல் இரண்டுக்கும் ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. தொற்றைப் பயிற்சி எதுவும் குணமாக்காது.

எந்த வகை என்று பிரிக்க நல்ல வழி, மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுவதுதான். எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எதைச் செய்யும்போது நனைந்தது. ஒரு பழைய அளவுக் குவளையில் பிடித்து அளந்தும் எழுதினால் இன்னும் நல்லது. பகலில் ஏழெட்டு முறை, இரவில் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் 200 முதல் 400 மில்லி என்பது பொதுவாகச் சரியான கணக்கு. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

"இருமினா, தும்மினா சொட்டுது. வயசாச்சுன்னு விட்டுடலாமா?"

விட வேண்டாம். இருமல், தும்மல், சிரிப்பு, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றுவது, நெல் மூட்டைக்கு ஒரு கை கொடுப்பது எல்லாமே வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். கீழே தாங்கும் தசை தளர்ந்திருந்தால் சிறுநீர்க் குழாய் அந்த நொடியில் மூடி நிற்காது. சுகப்பிரசவம், பெரிய குழந்தை, ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், உடல் எடை, நாள்பட்ட மலச்சிக்கல் எல்லாம் இதற்குக் காரணம். சிசேரியன் ஆனவர்களுக்கும் வரும், சற்றுக் குறைவு.

எடை கூடுதலாக இருப்பவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். 70 கிலோ இருப்பவருக்கு நாலு முதல் ஏழு கிலோ. அப்புறம், பிரஷருக்குச் சாப்பிடும் எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். விடாத இருமலும் இந்த மாத்திரையும் சேர்ந்திருந்தால், வேறு மாத்திரை தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"ஏதோ இறுக்கிப் பிடிக்கிற பயிற்சி சொன்னாங்க. செஞ்சேன், ஒண்ணும் ஆகலையே?"

அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல் 1948-ல் எழுதி வைத்தது. அதனால் கெகல் பயிற்சி என்பார்கள். காற்றை அடக்குவதுபோலவும் சிறுநீரை நிறுத்துவதுபோலவும் ஒரே நேரத்தில் உள்ளே இறுக்கி மேலே இழுக்க வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் இறுகக்கூடாது, மூச்சையும் அடக்கக்கூடாது. முடிந்தால் 10 நொடி, முடியாவிட்டால் மூன்று நொடியில் தொடங்கலாம். எவ்வளவு நேரம் இறுக்கினீர்களோ அவ்வளவு நேரம் தளர விட வேண்டும். ஒரு வேளைக்கு 8 முதல் 10 தடவை, தினம் மூன்று வேளை. காய் நறுக்கும்போது செய்யலாம், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது.

பலன் இல்லை என்பவர்களில் பாதிப் பேர் இரண்டு வாரத்தில் விட்டிருப்பார்கள். மூன்று மாதமாவது வேண்டும். மீதிப் பேர் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கிக்கொண்டிருப்பார்கள், அது இருப்பதையும் கெடுக்கும். கழுவிய விரலைப் பிறப்புறுப்புக்குள் வைத்துப் பார்த்தால் சுற்றி இறுகுவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை கற்றுக்கொள்ளுங்கள். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள், எந்தத் தசை என்று அடையாளம் காண ஒருமுறை போதும். தும்மல் வருவது தெரிந்ததும், குடத்தைத் தூக்குமுன்னும், ஒரு இறுக்கு இறுக்கிக்கொள்வது நல்ல பழக்கம்.

"பைப்பைத் திறந்தாலே முட்டிக்கிட்டு வருது. கொல்லைக்குப் போறதுக்குள்ள புடவை நனைஞ்சுடுது."

நீர்ப்பை நிறைவதற்கு முன்பே சுருங்கத் தொடங்குகிறது. தண்ணீர்ச் சத்தம், பாத்திரம் கழுவுவது, வெளியூர் போய்வந்து வீட்டுக் கதவில் சாவி போடுவது, இவை எல்லாம் தூண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் கழிப்பறை கொல்லைக் கோடியில் இருப்பதும் ஒரு கஷ்டம்.

முட்டும்போது ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே நில்லுங்கள், அல்லது கெட்டியாக உட்காருங்கள். மேலே சொன்ன தசையை ஐந்தாறு முறை வேகமாக இறுக்கி விடுங்கள். அவசரம் தணிந்ததும் நடந்து போங்கள். இதோடு இடைவெளியையும் கூட்ட வேண்டும். ஒரு மணிக்கு ஒருமுறை போகிறவர் சில நாள் ஒன்றேகால் மணிக்கு ஒருமுறை என்று பழகி, பிறகு இன்னொரு 15 நிமிடம் கூட்டலாம். மூன்று மணி நேரம் வரை கொண்டுவந்தால் போதும். ஆறு வாரமாவது விடாமல் செய்யுங்கள். 'எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடுகிறேன்' என்று தேவையில்லாமல் போகும் பழக்கம் தொல்லையை வளர்க்கும்.

போதவில்லை என்றால் மருந்து உண்டு. சோலிஃபெனாசின், டோல்டெரோடின் வகையில் வாய் உலரும், மலச்சிக்கல் வரும். கண்ணில் கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஆக்சிபியூடினின் வயதானவர்களுக்குக் குழப்பத்தைத் தரலாம். மிராபெக்ரான் வேறு வகை, அதில் வாய் அவ்வளவாக உலராது. ஆனால் பிரஷரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"அப்ப காபியை விடணுமா?"

கும்பகோணத்துக்காரர்களிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. குறைத்தால் போதும். அவசரமாக வரும் வகைக்குக் காபி, டீ இரண்டுமே எதிரி. காலையில் ஒரு டம்ளர், டிகாக்‌ஷன் கொஞ்சம் இளசாக. மாலை நாலு மணிக்கு மேல் வேண்டாம். திடீரென நிறுத்தினால் தலைவலிக்கும், படிப்படியாகக் குறையுங்கள்.

"நடவுக்குப் போனா நாள் முழுக்க ஒதுங்க இடமில்ல. அதனால தண்ணியே குடிக்கிறதில்ல. தப்பா?"

தப்பு உங்கள் மேல் இல்லை. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. குறுவை நடவில் தொடங்கி சம்பா, தாளடி, களையெடுப்பு என்று மாதக்கணக்கில் பெண்கள் சேற்றில் குனிந்து நிற்கிறார்கள், மறைவுக்கு ஒரு தட்டி கிடையாது. இதை உடம்புப் பிரச்சினையாக மட்டும் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் உடம்புக்கு நடப்பது இதுதான்: சிறுநீர் அடர்ந்து நீர்ப்பையை உறுத்தும், தொற்றும் கல்லும் வர வாய்ப்பு கூடும், மலச்சிக்கலும் வரும். விடியற்காலை எழுந்ததும் இரண்டு டம்ளர் குடித்து, கிளம்புமுன் போய்விடுங்கள். வயலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் அடக்காதீர்கள். பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கீற்று மறைப்புக் கட்டித் தரச் சொல்லி எல்லோருமாகச் சேர்ந்து கேளுங்கள், தனியாகக் கேட்டால் சிரிப்பார்கள். வீட்டில் இருக்கும் நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போதும், வெயிலில் வேலை என்றால் அதற்கு மேல். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவுதான்.

"ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கேன். தூக்கமே இல்ல."

சாயங்காலம் கால் வீங்குகிறதா என்று பாருங்கள். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தில் திரும்பி இரவில் சிறுநீராகும். மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் அது படுக்கைக்கு முன்பே வெளியேறிவிடும். பிரஷருக்கோ இதயத்துக்கோ நீர் மாத்திரை சாப்பிட்டால் எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று கேளுங்கள். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் இரவுச் சிறுநீரைக் கூட்டும். சிலருக்கு உண்மையில் சிறுநீர் எழுப்புவதில்லை: மாதவிலக்கு நிற்கும் வயதின் வியர்வையில் விழிப்பு வருகிறது, விழித்ததால் போகிறார்கள்.

"சுகர் மாத்திரை மாத்தினதிலேர்ந்து அரிப்பு, அடிக்கடி போறேன். மாத்திரையாலயா?"

இருக்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. சிறுநீர் கூடும், பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வந்து அரிக்கும், தயிர் போல வெள்ளை படும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்து என்பதால் நீங்களே நிறுத்திவிடாதீர்கள், எழுதியவரிடம் சொல்லுங்கள். மாத்திரை எதுவும் மாற்றாமலே இப்படி ஆனால் சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரையே இல்லை என்பவர்களும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

"மெடிக்கல்ல மூணு நாள் மாத்திரை வாங்கிப் போட்டா நிக்குது. மாசம் ஆனா மறுபடி எரியுது."

ஆறு மாதத்தில் இரண்டு முறையோ வருடத்தில் மூன்று முறையோ தொற்று வந்தால், திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று சொல்வார்கள். இதற்குக் கடை மாத்திரை கூடாது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று கல்ச்சர் பரிசோதனை சொல்லும், இரண்டு மூன்று நாளில் முடிவு வரும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சிறுநீரைக் கொடுங்கள். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். எரிச்சலுக்குக் கொடுக்கும் சிட்ரேட் சிரப் எரிச்சலைக் குறைக்கலாம், கிருமியைக் கொல்லாது.

மாதவிலக்கு நின்றவர்களுக்குத் தொற்று திரும்பி வராமல் தடுக்க நல்ல மருந்து, பிறப்புறுப்புக்குள் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு. முதல் கேள்வியில் சொன்ன நல்ல கிருமிகள் திரும்ப வளர அது உதவும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். வாயால் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை இந்த வேலையைச் செய்யாது, சொட்டும் தொல்லையை அதிகமாக்கவும் கூடும்.

குளிர் ஜுரம், முதுகின் பக்கவாட்டில் வலி, வாந்தி சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"அந்தக் களிம்பு ஹார்மோன்தானே, புத்துநோய் வராதா?"

தடவும் இடத்தில்தான் வேலை செய்கிறது, ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. சொன்ன அளவில் போட்டால் புற்றுநோயைக் கூட்டுவதாக நிரூபணம் இல்லை. டப்பாவோடு வரும் தாளைப் படித்துப் பயந்து தூக்கிப்போட்டவர்கள் எனக்குத் தெரியும். அந்த எச்சரிக்கையில் பெரும்பகுதி ஹார்மோன் மாத்திரைகளை வைத்து எழுதப்பட்டது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் அந்தச் சிகிச்சை கொடுத்த டாக்டரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. காரணம் தெரியாத உதிரப்போக்கு இருந்தால் அதை முதலில் பார்க்க வேண்டும்.

"கல்ச்சர்ல கிருமி இருக்குன்னு வந்திருக்கு. ஆனா எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே?"

அப்படியானால் பெரும்பாலும் மருந்து வேண்டாம். வயதாக ஆக, சர்க்கரை உள்ளவர்களுக்கும், தொந்தரவில்லாமல் கிருமி இருப்பது சகஜம். கர்ப்பிணிகளும் சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும்தான் முக்கியமான விதிவிலக்கு.

"எனக்கு நேர் எதிர். எரியுது, ஆனா கிருமி இல்லைங்கிறாங்க."

இதில்தான் பொறுமை வேண்டும். இந்த வயதில் முதல் சந்தேகம் உலர்வு, அதற்கு மேலே சொன்ன களிம்பு. அடுத்தது பூஞ்சை, கல். நீர்ப்பை நிறைய நிறைய அடிவயிறு வலித்து, போனதும் வலி தணிந்தால் நீர்ப்பை வலி நோய் என்று ஒன்று உண்டு, அதற்கு வைத்தியம் தனி. சிறுநீரில் சீழ் அணுக்கள் இருந்தும் சாதாரண கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் சிறுநீர்ப் பாதைக் காசநோயையும் நினைக்க வேண்டும். எடை குறைவும் மாலை ஜுரமும் சேர்ந்திருந்தால் கட்டாயமாக. காசநோய் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

"வீட்டுக்காரரோட சேர்ந்தா மறுநாள் எரியுது. இதை யார்கிட்ட கேக்கிறது?"

என்னிடம் கேட்டது போலவே டாக்டரிடமும் கேட்கலாம், அவர்களுக்கு இது புதிதல்ல. உலர்ந்த தோல் உராய்வில் சிராய்க்கிறது, கிருமியும் உள்ளே தள்ளப்படுகிறது. தண்ணீர் சார்ந்த வழுவழுப்பு ஜெல், மேலே சொன்ன ஈஸ்ட்ரோஜன் களிம்பு, முடிந்ததும் சிறுநீர் கழிப்பது, இவை உதவும். தேங்காய் எண்ணெய் ஆணுறையைப் பலவீனமாக்கும். தீட்டு இன்னும் முழுதாக நிற்காதவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும், 47 வயதிலும் கர்ப்பம் தரிக்கலாம். உள்ளே டெட்டாலோ சோப்போ போட்டுக் கழுவுவதை இன்றே நிறுத்துங்கள், வெறும் தண்ணீர் போதும். கழுவும் கை முன்னிருந்து பின்னாகப் போக வேண்டும்.

"கீழே ஏதோ உருண்டையா இறங்கி வருது. அடக்கி உள்ள தள்ளினாத்தான் ஒண்ணுக்கு வருது."

அடி இறக்கம். கர்ப்பப்பையோ நீர்ப்பையின் சுவரோ தளர்ந்து இறங்குகிறது. சாயங்காலம் அதிகமாகவும் காலையில் குறைவாகவும் இருக்கும். இது புற்றுநோய் அல்ல, கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. லேசானதற்குப் பயிற்சி, எடை தூக்காமை, முக்காமை. அதற்கு மேல் சிலிகான் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தித் தாங்க வைக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது நல்ல வழி, ஆனால் நம் பக்கத்தில் கேட்டால்தான் சொல்கிறார்கள். அளவு பார்த்துப் பொருத்தி, அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

"வாழைத்தண்டு, நெருஞ்சில், சிறுபீளை கஷாயம் குடிக்கலாமா?"

வாழைத்தண்டை உணவாகச் சாப்பிடுங்கள், மலச்சிக்கலுக்கு நல்லது. நெருஞ்சிலும் சிறுபீளையும் சித்த மருத்துவத்தில் நீரைப் பெருக்கக் கொடுப்பவை. அவசரமாகப் போகும் வகையினருக்கு நீர் பெருகினால் தொல்லைதான் கூடும். சிறுநீரகம் பழுதானவர்கள் இளநீரையும் வாழைத்தண்டுச் சாற்றையும் தவிர்க்க வேண்டும், அவற்றில் பொட்டாசியம் அதிகம். குடிப்பதானால் சித்த மருத்துவரைக் கேட்டுக் குடியுங்கள், ஜுரத்தோடு இருக்கும்போது அதை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

"ஒரே ஒரு தடவை ரத்தம் கலந்து போச்சு. வலி இல்ல, அதனால விட்டுட்டேன்."

வலி இல்லாததுதான் எனக்குக் கவலை. தொற்றில் ரத்தம் வந்தால் எரிச்சலோடு வரும். வலியில்லாத ரத்தம் நீர்ப்பை அல்லது சிறுநீரகப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். ஒருமுறை வந்து நின்றாலும் ஸ்கேனும், நீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையும் தேவைப்படும். சிறுநீரில் வந்ததா, பிறப்புறுப்பிலிருந்து வந்ததா என்று குழப்பமாக இருந்தால் ஒரு பஞ்சை உள்ளே வைத்துப் பாருங்கள். தீட்டு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு அங்கிருந்து ஒரு துளி பட்டாலும் கர்ப்பப்பையைப் பரிசோதிக்க வேண்டும்.

"கர்ப்பப்பை எடுத்ததிலேர்ந்து இருமினா மட்டும் இல்ல, எப்பவும் சொட்டிக்கிட்டே இருக்கு."

இது மேலே சொன்ன எந்த வகையும் அல்ல. படுத்தாலும் நின்றாலும் இடைவிடாமல் நனைந்தால், அறுவை சிகிச்சையின்போது நீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழுந்திருக்கலாம். பயிற்சி பயன்படாது, ஆனால் சரிசெய்யக்கூடியது. சிறுநீர்ப் பாதை அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரை (யூராலஜிஸ்ட்) உடனே பாருங்கள்.

"யாரைப் பார்க்கணும்? எவ்வளவு செலவாகும்?"

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரையும் பாருங்கள். அடுத்து அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவு. தஞ்சாவூரில் ராசா மிராசுதார் மருத்துவமனை இருக்கிறது. திருவாரூர், நாகப்பட்டினம் இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அறுவை சிகிச்சை என்று வந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் சேருமா என்று அங்கேயே கேளுங்கள். இருமலுக்குச் சொட்டுவதற்கு, சிறுநீர்க் குழாயைத் தாங்கச் செயற்கை வலைப்பட்டை வைக்கும் ஆபரேஷன் சொன்னால், வலை இல்லாமல் நம் உடம்பிலிருந்தே எடுக்கும் தசையுறையில் செய்யும் முறையும் உண்டா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பிரிட்டனில் 2018-ல் வலை வைப்பதை நிறுத்தி வைத்தார்கள். சிலருக்கு நாள்பட்ட வலி வந்ததுதான் காரணம்.

திடீரெனச் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்து கால் வலுவிழந்தாலோ அது முதுகுத் தண்டு நரம்பின் அவசரமாக இருக்கலாம். எங்கே என்று யோசிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"மாமியாருக்கு 78. போன வாரத்திலேர்ந்து படுக்கையிலயே போயிடுறாங்க. வீம்புக்குச் செய்றாங்களோ?"

இல்லை. திடீரென வந்தது என்றால் திடீர்க் காரணம் இருக்கும். நாலைந்து நாளாக மலம் போகவில்லையா, புதிதாகத் தூக்க மாத்திரையோ நீர் மாத்திரையோ தொடங்கியதா, ஜுரம், எரிச்சல், புதிதாகக் குழப்பமான பேச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். மூட்டு வலியில் எழுந்து கொல்லை வரை போக முடியாமலேயே பல பேர் நனைத்துக்கொள்கிறார்கள். கட்டில் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி, ஒரு சின்ன விளக்கு, எளிதில் தளர்த்தக்கூடிய உடை, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை நீங்களே அழைத்துப் போவது என்று செய்து பாருங்கள். மாதவிலக்கு நாப்கின் சிறுநீருக்குப் போதாது, அதற்கென்றே பேடு மருந்துக் கடையில் கிடைக்கிறது. நடக்க முடியாதவர் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடம் சொல்லுங்கள், பிசியோதெரபியும் அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வரும்.